ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் மண் கோயில்கள்

கோயில் என்றதும் தமிழராகிய நம் உள்ளத்தில் எழுவது கல்தான். கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் ஒரு குன்றைக் குடைந்து கோயில் கண்டான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் அதனை ஆக்கியதாக அங்கே எழுதியும் வைத்தான். அழியாத கோயில் வேண்டுமாயின் கல்லை நாட வேண்டும் என்னும் எண்ணம் அன்று முதல் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மண்ணால் கட்டியது மழைக்குக் கரையும், மரத்தால் கட்டியது செல்லுக்கு இரையாகும் என்பது நாம் கண்கூடாகக் கண்ட உண்மை.

ஆனால், இமயமலையின் ஒரு பள்ளத்தாக்கில், பச்சை மண்ணால் எழுப்பிய கோயில் ஒன்று ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அது இடிந்து கிடக்கும் பாழ் அன்று. அங்கே இன்றும் துறவியர் வாழ்கின்றனர், விளக்கு எரிகிறது, வழிபாடு நடக்கிறது. அஃது எவ்வாறு இயன்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தப் பள்ளத்தாக்கு ஸ்பிதி. இமாசலப் பிரதேசத்தின் லாஹூல்-ஸ்பிதி மாவட்டத்தில் அது அடங்கும். 'ஸ்பிதி' என்பதற்கு 'நடுநாடு' என்று பொருள் கூறுவர். பாரதத்துக்கும் திபெத்துக்கும் இடையே கிடப்பதால் வந்த பெயர் அது. குன்சும் கணவாயின் அடிவாரத்தில் பிறக்கும் ஸ்பிதி ஆறு, மொட்டை மலைகளுக்கு நடுவே தென்கிழக்காக ஓடி, கின்னௌர் மாவட்டத்தில் கப் என்னுமிடத்தில் சட்லெஜ் ஆற்றோடு கலக்கிறது. பருவ மேகங்களை முன்னுள்ள மலைத்தொடர்களே தடுத்துவிடுவதால், இங்கே மழை மிகவும் குறைவு. இதனைக் குளிர்ப் பாலைவனம் என்பர். ஆற்றோரத்தில் வாற்கோதுமையும் பட்டாணியும் விளையும் சிறு வயல்கள். அவற்றின் மேலே வெள்ளையடித்த மண்வீடுகள். அவற்றுக்கும் மேலே, பாறை உச்சியில் ஒரு மடம். இதுவே அங்குள்ள ஊர்களின் பொதுத் தோற்றம். மடத்தை அம்மக்கள் 'கோன்பா' என்பர். ஸ்தூபியைச் 'சோர்த்தன்' என்பர்.

தில்லியிலும் சண்டிகாரிலும் வாழும் நம்மவர்க்கு இந்நாடு எட்டாத தொலைவில் இல்லை. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் வழியாக ஒரு பாதை செல்கிறது. மணாலியிலிருந்து 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்து, குன்சும் கணவாயில் ஏறி இறங்குவது மற்றொரு பாதை. கணவாய்ப் பாதை கோடையில் மட்டுமே திறந்திருக்கும். குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 9ஆம் நூற்றாண்டின் நடுவில் திபெத்தியப் பேரரசு சிதைந்தது. அதனோடு அந்நாட்டில் பௌத்த சமயமும் நலிந்தது. அரச மரபில் வந்த ஒரு கிளை மேற்கு நோக்கிச் சென்று, புதிய அரசுகளை நிறுவிற்று. அவற்றுள் ஒன்று கூகே. ஸ்பிதி அக்காலத்தில் கூகே அரசுக்கு உட்பட்டிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூகேயை ஆண்டு, பின் துறவு பூண்ட யேஷே ஓ என்னும் மன்னன், தன் நாட்டில் சமயம் தழைக்க வேண்டுமாயின் மூல நூல்களையே நாடிப் பெற வேண்டும் என்று கருதினான். அறிவிற் சிறந்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, சமஸ்கிருதம் கற்று வருமாறு காச்மீரத்துக்கு அனுப்பினான். பழக்கமில்லாத வெப்பமும் நோயும் தாக்கியதால் அவர்களுள் பெரும்பாலோர் வழியிலும் வந்த இடத்திலும் மாண்டனர் என்றும், உயிருடன் திரும்பியோர் இருவரே என்றும் திபெத்திய மரபு கூறும்.

திரும்பியவர்களுள் ஒருவர் ரின்சென் சாங்போ. கி.பி. 958இல் பிறந்து 1055 வரை வாழ்ந்தவர். 'லோட்சாவா' என்பது அவருக்கு அமைந்த சிறப்புப் பெயர். அதன் பொருள் மொழிபெயர்ப்பாளர் என்பதே. அரசர்க்கும் வீரர்க்கும் உரிய புகழை ஒரு நாடு மொழிபெயர்ப்பாளர்க்கு அளித்தது எண்ணி மகிழத்தக்கது. நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் சமஸ்கிருதத்திலிருந்து திபெத்திய மொழியில் ஆக்கினார். அவற்றுள் வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' என்னும் மருத்துவ நூலும் ஒன்று. கேரளத்து வைத்தியர்கள் தலைமேற்கொண்டு போற்றும் அதே நூல், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பனிமலைக்கு அப்பாலும் சென்று பயன்பட்டது. அவர் 108 கோயில்களை எழுப்பியதாக மக்கள் சொல்வர். அவ்வெண் மரபு வழி வந்தது. ஸ்பிதியிலும் கின்னௌரிலும் லடாக்கிலும் பழங்கோயில் எதைச் சுட்டிக் கேட்டாலும், அதனைக் கட்டியவர் அவரே என்னும் விடை கிடைக்கும்.

இவ்வெழுச்சியின் விளைவாகத் தோன்றியதுதான் தாபோ மடம். காஜா நகரிலிருந்து ஆற்றோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் கீழே, சற்று அகன்ற சமவெளியில் அது அமைந்துள்ளது. தோன்றிய ஆண்டு கி.பி. 996. அப்பொழுது தமிழகத்தில் முதலாம் இராசராசன் அரியணை ஏறிப் பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் திருப்பணி நிறைவுற்றது 1010இல். ஆகவே, தஞ்சையில் விமானத்தின் உச்சி காணப்படுவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, தாபோவில் விளக்கேற்றப்பட்டுவிட்டது.

இரண்டையும் புறத்தே ஒப்பிட்டுப் பார்ப்பவர் நகைக்கக்கூடும். தஞ்சை விமானம் வானை அளாவுகிறது. தாபோ மடமோ மண்ணோடு மண்ணாகப் படிந்து கிடக்கிறது. மதிலுக்குள்ளே ஒன்பது கோயில்கள்; அவற்றினிடையே சோர்த்தன்கள். எல்லாம் வெயிலில் உலர்த்திய பச்சைக் கற்களாலும் குழைத்த மண்ணாலும் ஆனவை. கோபுரம் இல்லை, தூண் வரிசை இல்லை. மேற்கூரை தட்டையானது. நிலத்தின் நிறமே சுவரின் நிறம்.

தலைமைக் கோயிலுக்குள் நுழைந்த பின்பே உண்மை விளங்கும். மேலேயுள்ள சிறு திறப்பின் வழியே வரும் மெல்லிய ஒளியில் கண் பழகியதும், நான்கு புறச் சுவர்களிலிருந்தும் உருவங்கள் புறப்பட்டு வருவன போலத் தோன்றும். ஏறக்குறைய ஆளளவு கொண்ட 32 களிமண் சிற்பங்கள், நம் தலைக்கு மேலே, சுவரோடு பொருந்தி அமர்ந்திருக்கின்றன. மண்டபத்தில் வைரோசனர், நான்கு திசையையும் நோக்கும் நான்கு உருவங்களாக வீற்றிருக்கிறார். ஏட்டிலும் சீலையிலும் தட்டையாக எழுதிக் காட்டும் மண்டலத்தை, இங்கே உள்ளே நின்று காணுமாறு அமைத்துவிட்டனர். சிற்பங்களுக்குக் கீழும் மேலும் சுவரெங்கும் ஓவியங்கள். இமயத்தின் அஜந்தா என்று தாபோவைப் புகழ்வது இவ்வோவியங்களைக் கண்டுதான்.

அவ்வோவியங்களுள் நாம் நின்று நிதானித்துக் காண வேண்டிய பகுதி ஒன்றுண்டு. மண்டபத்தின் ஒரு பாதியில் புத்தர் பெருமானின் வரலாறும், மற்றொரு பாதியில் சுதனன் என்னும் வணிக இளைஞனின் பயணமும் தொடராகத் தீட்டப்பட்டுள்ளன. சுதனன் கதை 'கண்டவியூகம்' என்னும் மகாயான நூலில் வருவது. மெய்யறிவைத் தேடிப் புறப்படும் அவ்விளைஞன், ஓர் ஆசிரியரிடமிருந்து மற்றோர் ஆசிரியரிடம் செல்கிறான். அவ்வாறு அவன் அணுகும் ஐம்பதுக்கும் மேற்பட்டோருள் துறவியர் மட்டுமா உள்ளனர்? மன்னனும் உண்டு, மாலுமியும் உண்டு, நறுமணப் பொருள் விற்பவனும் உண்டு, பொற்கொல்லனும் உண்டு, கணிகையும் உண்டு, சிறுவனும் சிறுமியும் உண்டு. ஒவ்வொருவரும் தாம் அறிந்த ஒன்றைக் கற்பித்து, 'இதற்கு மேல் நான் அறியேன். இன்னாரிடம் செல்' என்று வழிகாட்டி விடுகின்றனர்.

அவர்கள் காட்டும் வழி பெரும்பாலும் தெற்கு நோக்கியே செல்கிறது. அவன் கண்ட ஆசிரியர்களுள் மேகன் என்பவன் ஒரு திராவிடன்; இலக்கண அறிஞன். பின்னர்ப் போதலகம் என்னும் மலையில் அவன் அவலோகிதேசுவரரைத் தரிசிக்கிறான். 7ஆம் நூற்றாண்டில் பாரதத்துக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், போதலக மலை பாண்டிய நாட்டுப் பகுதியில், மலய மலைக்கு அருகில் இருப்பதாகக் குறித்துள்ளார். பொதிகை மலையே போதலகம் எனக் கருதும் ஆய்வாளர் சிலரும் உளர். லாசா நகரில் தலாய் லாமாக்களின் அரண்மனை தாங்கிய 'போதலா' என்னும் பெயர் இம்மலையின் பெயரே. தென்கோடியில் உள்ள ஒரு மலையை வடகோடி மக்கள் புனிதமாகப் போற்றி, அதை நாடிச் சென்ற ஒருவனின் பயணத்தைத் தம் மண்சுவரில் எழுதி வைத்துக்கொண்டனர் என்பதை எண்ணும்போது, தூரம் என்பது கால்களுக்கு மட்டுமே உண்டு என்று தோன்றுகிறது.

இவற்றைத் தீட்டிய கைகள் யாருடையவை? நுழைவாயில் அறையில் உள்ள பழைய ஓவியங்கள் எளிமையானவை. அங்கே வாயிலுக்கு மேல் காவல் புரியும் பெண் தெய்வம் அந்நாட்டுக்கே உரியவள். மண்டபத்து ஓவியங்களோ நுணுக்கம் மிக்கவை. அவற்றின் ஆடை மடிப்பும், இடை ஒசிவும், முகக் களையும் காச்மீரக் கலை மரபைக் காட்டுகின்றன. ரின்சென் சாங்போ தம்முடன் 32 காச்மீரக் கலைஞர்களை அழைத்து வந்தார் என்பது மரபு. அவர்களுள் ஒருவர் பெயரும் நமக்கு எட்டவில்லை. பிழைப்பை நாடியோ அழைப்பை ஏற்றோ பிறந்த ஊரை விட்டுத் தொலைநாட்டுக்கு வந்தவர்கள் அவர்கள். காச்மீரத்தில் அக்காலத்துச் சுவரோவியங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அந்நாட்டுக் கலையின் சிறப்பை அறிய விரும்புவோர் இன்று தாபோவுக்கும் லடாக்கில் உள்ள அல்சிக்கும் வர வேண்டியிருக்கிறது. தாயகத்தில் மறைந்தது, சென்ற இடத்தில் வாழ்கிறது. வேற்று மாநிலங்களில் வாழும் நாம் இதனை ஆழ்ந்து எண்ணிப் பார்க்கலாம்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு விடை காண்போம். தாபோவின் வயதை நாம் அறிவது எவ்வாறு? தலைமைக் கோயிலின் சுவரில் மையால் எழுதிய ஒரு சாசனம் உண்டு. ஒரு குரங்கு ஆண்டில் யேஷே ஓ இக்கோயிலை நிறுவினான் என்றும், 46 ஆண்டுகள் கழித்து அவன் வழிவந்த சங்சுப் ஓ இதனைப் புதுப்பித்தான் என்றும் அது கூறுகிறது. அதாவது, 1042 அளவில் பழுதுபார்த்தவன் எழுதி வைத்ததால்தான், 996இல் கட்டியவனை நாம் அறிகிறோம். கட்டி அரை நூற்றாண்டு ஆகுமுன்பே திருப்பணி தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் திருப்பணி அன்றோடு நிற்கவும் இல்லை.

மண் கட்டடத்தின் இயல்பே அதுதான். அதன் கூரை அமைப்பைப் பாருங்கள். மர உத்திரங்கள், அவற்றின் மேல் குறுக்குக் கழிகள், அதற்கு மேல் சுள்ளிப் பரப்பு, அதன் மேல் அடுக்கடுக்காகப் பூசிய மண். குளிர்காலத்தில் கூரைமேல் விழும் பனியை உடனுக்குடன் தள்ள வேண்டும். தவறினால் பாரம் உத்திரத்தை முறிக்கும், உருகும் நீர் உள்ளே இறங்கி ஓவியத்தைக் கரைக்கும். வேனில் வந்ததும் வெடிப்பை அடைத்துப் புதுமண் பூச வேண்டும். ஓர் ஆண்டு சோம்பினால் நீர்க் கோடு தெரியும். பத்து ஆண்டு சோம்பினால் சுவர் சாயும். நூறாண்டுகள் கைவிட்டால், அங்கே கோயில் இருந்தது என்பதே தெரியாமற் போய்விடும். கல் தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். மண்ணுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆகவே, தாபோவின் ஆயிரம் ஆண்டு என்பது, மண்ணின் உறுதியைக் காட்டுவதன்று. ஏறக்குறைய ஆயிரம் குளிர்காலங்களில் கூரையேறிப் பனி தள்ளியோரின் உறுதியைக் காட்டுவதாகும்.

அவ்வுறுதிக்கு அந்நாட்டு வாழ்க்கை முறையும் துணை செய்தது. ஸ்பிதியில் மூத்த மகன் நிலத்துக்கு உரியவன். இளையவர்கள் மடத்தில் சேர்வது நெடுங்கால வழக்கம். அதனால், மடம் என்பது ஊருக்கு வெளியே இருந்த நிறுவனம் அன்று; ஒவ்வொரு குடும்பத்தின் பிள்ளையும் அங்கே இருந்தான். கோன்பாவின் கூரை ஒழுகினால் தன் வீட்டுக் கூரை ஒழுகியதாகவே ஊரார் கருதினர்.

இயற்கை மட்டுமே பகையாக இருந்ததும் இல்லை. கூகே அரசு 1630இல் லடாக் மன்னர் வசமாயிற்று. பின்னர்ப் படையெடுப்புகள் பல வந்தன. காஜாவுக்கு அருகில், 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், ஒரு கூம்புக் குன்றின்மேல் வீடுகளை அடுக்கினாற்போல் நிற்கும் கீ மடம் அவற்றுக்குச் சான்று. 17ஆம் நூற்றாண்டில் மங்கோலியரும், 1841இல் டோக்ரா படையினரும் அதனைத் தாக்கினர். தீயும் அதனைச் சுட்டது. ஒவ்வொரு முறை இடிந்தபோதும் அவர்கள் மீண்டும் கட்டினர். ஒழுங்கான திட்டம் இன்றி அறைமேல் அறையாக அது வளர்ந்திருப்பதற்கு இந்த வரலாறே காரணம். 1846இல் ஸ்பிதி ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. விடுதலைக்குப் பின் பஞ்சாபில் இருந்து, 1966இல் இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆட்சிகள் மாறின, கூரைக்குப் பனி தள்ளும் வேலை மட்டும் மாறவில்லை.

1975 ஜனவரி 19ஆம் நாள் பெரும் சோதனை வந்தது. கின்னௌரில் எழுந்த நில அதிர்ச்சி ஸ்பிதியையும் குலுக்கியது. தாபோ, கீ, தன்கர் ஆகிய இடங்களில் சுவர்கள் வெடித்தன, பகுதிகள் இடிந்தன. தொல்பொருள் ஆய்வுத் துறையினர் துணைபுரிய, பழுதுபார்க்கும் பணி நடந்தது. தாபோவில் பழைய மண்டபத்துக்கு இடையூறு இல்லாதவாறு புதிய வழிபாட்டு மண்டபம் ஒன்றை எழுப்பினர். 1983இல் அங்கே தலாய் லாமா காலசக்கர வழிபாட்டை நடத்தினார். 1996இல் மடத்தின் ஆயிரமாண்டு நிறைவை ஒட்டி மீண்டும் வந்து நடத்தினார். ஆயிரமாண்டு விழாவைக் கொண்டாடியோர், அதனை நிறுவியோர் வழிபட்ட அதே சமயத்தினர். அதே ஊரினர் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

இங்கே நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றையும் சேர்த்துப் பார்ப்பது நலம். தாபோ எழுந்த அதே காலத்தில், ஸ்ரீவிசய நாட்டு மன்னர்கள் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பினர். சைவனாகிய இராசராசன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். அக்கொடை பின்னர்ச் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்டது. கடல் கடந்து வந்த மன்னனின் செல்வமும், சோழப் பேரரசின் ஆதரவும் அதற்கு இருந்தன. இன்று அந்த விகாரம் இல்லை. நாகப்பட்டினத்தில் மண்ணுக்குள் கிடந்த புத்தர் படிமங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் காண்கிறோம், செப்பேடும் நிலைத்தது. அதனைத் தமதென்று கருதி வழிபட்ட மக்கள் கூட்டம் கலைந்த பின், கட்டடத்தைக் காக்கக் கைகள் இல்லாமற் போயின. பேரரசின் கொடையால் வாழாத ஒன்று, சிற்றூரின் உழைப்பால் வாழ்ந்தது.

இவ்வளவு காலம் தாங்கிய மண் கோயில்கள் இனியும் தாங்குமா என்னும் கவலை இன்று எழுந்துள்ளது. ஸ்பிதி, பின் ஆகிய இரு ஆறுகளும் கூடும் இடத்துக்கு மேலே, அரித்துப்போன செங்குத்து முகட்டில் தொங்குவது போல நிற்பது தன்கர் மடம். ஸ்பிதியின் பழைய தலைநகர் அது. 2006இல் உலக நினைவுச் சின்ன நிதியம் வெளியிட்ட, பேரிடரில் உள்ள நூறு சின்னங்களின் பட்டியலில் தன்கரும் இடம்பெற்றது. அடியில் உள்ள முகடே கரைந்துகொண்டிருப்பதால், கூரையை மட்டும் காப்பதால் அங்கே பயன் முழுமை பெறாது. மழை அரிது என்னும் நம்பிக்கையில் கட்டியவை இக்கோயில்கள் அனைத்தும். பனியாக விழ வேண்டியது மழையாக விழுமாயின், தட்டைக் கூரை அதனைத் தாங்காது. 2023 ஜூலையில் இமாசலப் பிரதேசத்தில் கொட்டிய பெருமழை, மலைநாட்டில் இனி எதனையும் பழைய கணக்கில் நம்ப இயலாது என்று காட்டிவிட்டது. அவசரத்தில் சிமெண்டு பூசினாலும் தீங்கே. சிமெண்டு ஈரத்தை உள்ளேயே சிறைவைத்து மண்சுவரை அழுகச் செய்யும். மண்ணுக்கு மண்ணே மருந்து. அம்மருந்தைக் குழைக்கவும் பூசவும் அறிந்த கைகள் அடுத்த தலைமுறையிலும் இருக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சிம்லாவுக்கும் சண்டிகாருக்கும் தில்லிக்கும் செல்கின்றனர். அவர்கள் செல்வதை யாரே குறை கூற வல்லார்? ஊரை விட்டு வந்தவர்களாகிய நாம் கூறுதல் தகாது. ஆனால், குளிர்காலத்தில் கூரை ஏறுவதற்கு ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதும் மறுக்க முடியாத உண்மை.

நம் கல் கோயில்களுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று பெரியோர் வரையறுத்தனர். வேர்விட்ட செடியைக் களையவும், விலகிய கல்லைப் பொருத்தவும், ஊரை ஒன்றுசேர்க்கவும் அது வழிசெய்தது. கல்லுக்குப் பன்னிரண்டு ஆண்டு தவணை கிடைக்கிறது. மண்ணுக்கு ஓராண்டே தவணை. வேறுபாடு அவ்வளவுதான்.

ஸ்பிதிக்குச் செல்ல நேயர்களுக்கு வாய்க்குமாயின், கோடையில் செல்லுங்கள். உயரத்துக்கு உடல் பழக இரண்டொரு நாள் தங்கிச் செல்லுங்கள். தாபோவின் மண்டபத்தில் சுவரைத் தொடாதீர்கள். கண்ணைப் பறிக்கும் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்காதீர்கள். சுதனன் செல்லும் வழியைச் சுவரோடு தொடர்ந்து காணுங்கள். பிறகு வெளியே வந்து, அந்த மண் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். உள்ளே கண்ட அழகு அனைத்தும் இன்றுவரை நின்றது அதன் நிழலில்தான்.